டீச்சர் வீட்டு லாவெண்டர்

“ஏட்டி பெமிலா, இது வீடா, பியூட்டி பார்லரா?”

காலையில் கண் விழித்ததும் ராஜபாய் டீச்சர் மருமகளிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பதிலுக்காகக் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு வந்து எவ்வளவோ காலம் ஆகியும், கேள்வி கேட்கிற வேலையிலிருந்து மட்டும் டீச்சர் இன்னும் ஓய்வு பெறவில்லை.

எல்லாம் அந்த லாவெண்டர் எண்ணெயால் வந்தது. மகன் ஜாஸ்பர் துபாயிலிருந்து கொடுத்துவிட்ட சின்ன பாட்டில். தரை துடைக்கிற வாளியில் நாலு சொட்டு, மாமியாரின் படுக்கையில் ரெண்டு சொட்டு, மாமியாரின் சேலைகளுக்கு நடுவே எண்ணெயில் நனைத்த பஞ்சு. போதாததற்கு ஹாலில் புஸ் புஸ்ஸென்று ஆவி விடுகிற மெஷின் வேறு. டீச்சரின் பிரம்பு நாற்காலியைக்கூட பெமிலா விட்டுவைக்கவில்லை. அதில் கிடந்த வெல்வெட் திண்டை எங்கோ ஒழித்துவிட்டு, துவைக்கிற மாதிரி துணித் திண்டு ஒன்றைப் போட்டு, அதற்கும் தினம் ரெண்டு சொட்டு.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டால் பெமிலா தலையைக் குனிந்துகொள்வாள்.

“மனசுக்கு நல்லது மாமி. டென்ஷன் குறையும், நல்லா உறக்கம் வரும்.”

டென்ஷனாம். ரெண்டு பேருக்குச் சோறு பொங்குகிறவளுக்கு என்ன டென்ஷன்? அறுபது பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்து மேய்த்தவள் ராஜபாய். தலையைச் சாய்த்தால் விடிகிறவரை உறங்கினவள். தோவாளைப் பூச்சந்தையில் பிச்சியும் மல்லியும் மலையாகக் குவிந்து கிடக்க, இவளுக்குக் கண்ணால் காணாத வெள்ளைக்காரன் நாட்டுப் பூ கேட்கிறதாக்கும் என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அந்த மணம் ஏறினால் டீச்சருக்குத் தும்மல் வரும். தும்மல் அடுக்கடுக்காக வந்தால், உடனே எழுந்து போய் சேலை மாற்றிவிட்டு வருவாள். எண்ணெய் மணம் சேலையில் ஒட்டிக்கொண்டதாம்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை விஷயம் வேறு. சபைப் பெண்கள் சங்கத்தின் வீட்டு ஜெபம் இந்த முறை டீச்சர் வீட்டில். ஜெபம் முடிந்ததும் சங்கத்துக்குத் தலைவியைத் தேர்ந்தெடுப்பார்கள். இத்தனை வருஷமும் டீச்சரேதான் தலைவி. இப்போது ராகேல் என்று ஒருத்தி கிளம்பியிருக்கிறாள். “டீச்சருக்கு வயசாச்சு, இனி ஓய்வெடுக்கட்டும்” என்று வீடு வீடாகப் போய்க் கரிசனப்படுகிறாள். அவள் மூக்கில் இந்த மணம் பட்டால், தலைவி வீடு சினிமாக்காரி வீடு மாதிரி மணக்கிறது என்று ஊரெல்லாம் தூற்றிவிடுவாள்.

பலகாரம் வாங்க பெமிலா நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறியதும் டீச்சர் காரியத்தில் இறங்கினாள். பாட்டிலைக் கொல்லைச் சாக்கடையில் கவிழ்த்தாள். மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். இன்னொரு பாட்டில் ஒளித்து வைத்திருப்பாளோ என்று மருமகளின் அறையையும் குடைந்தாள். அங்கே லாவெண்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் பவுடர் வாசனைதான். மனசுக்கு நல்லதென்று சொல்கிறவள் தன் அறையில் ஒரு சொட்டு விடவில்லை. எல்லாம் வருகிறவர்களுக்குக் காட்டுகிற பவிசு என்று டீச்சர் உதட்டைச் சுழித்தாள்.

விறகுப்புரையில் அவளுடைய வெல்வெட் திண்டு கிடந்தது. நல்ல சாமானைக் கொண்டு எங்கே போட்டிருக்கிறாள் பார் என்று திட்டிக்கொண்டே தட்டி எடுத்துவந்து நாற்காலியில் போட்டு, அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பெண்கள் வந்தார்கள். பெமிலா வந்துசேர்வதற்குள் ஜெபம் தொடங்கிவிட்டது. டீச்சர் பைபிளைத் திறந்து கணீரென்று சங்கீதம் வாசித்தாள். பக்கத்தில் இருந்த ராகேல் முந்தானையால் மூக்கைத் துடைப்பது தெரிந்தது. கண்ணீர் விட்டு ஜெபிக்கிறாள், ஆளைக் கொஞ்சம் தப்பாகத்தான் நினைத்துவிட்டோம் என்று டீச்சருக்குத் தோன்றியது. ஒருத்தி எழுந்து போய் சன்னலைத் திறந்துவிட்டாள். எண்ணெய் இல்லாத நல்ல காற்று உள்ளே வந்தது.

ஆமென் சொல்லி முடித்ததும் ராகேல் தொண்டையைச் செருமினாள்.

“டீச்சர், தப்பா நெனைக்காதிய. இங்க என்னமோ நாறுகு. மூத்திர வாடை மாதிரி. நீங்க இருக்கிய பக்கந்தான்.”

எல்லார் கண்ணும் டீச்சர் மேல் வந்து நின்றது. அவள் மடியிலிருந்த பைபிளை மூடினாள்.

ஜெபத்தின் நடுவே வீடு திரும்பி, காபித் தட்டோடு அடுக்களையிலிருந்து வந்த பெமிலா, திண்டைப் பார்த்தாள். மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

“அது பூனைக்க வேலை அக்கா. கள்ளப் பூனை ஒண்ணு எப்படியோ உள்ள ஏறி, மாமிக்க நாற்காலியிலயே பெய்ஞ்சிட்டுப் போகு. அந்த வாடை போகத்தான் தெனமும் லாவெண்டர் எண்ணெய் விடுகேன். இன்னைக்கு மறந்து போனேன். தப்பு என்மேலதான்.”

ராகேலே சிரித்துவிட்டாள். பூனைத் தொல்லை இல்லாத வீடு எது என்று ஆளாளுக்குப் பேச்சைத் தொடங்கினார்கள். அந்தக் கலகலப்பிலேயே, இந்த முறையும் டீச்சரே தலைவியாக இருக்கட்டும் என்று முடிவாயிற்று. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

டீச்சர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டுக்குள் எந்தப் பூனையும் ஏறினதில்லை. அந்த நாற்காலியில் டீச்சரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததும் இல்லை.