பன்னிரண்டு நாள் வீடு

கொக்கிளாயில் சண்டையில் வீடிழந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் பொருத்து வீடு பன்னிரண்டு நாளில் எழும்பிவிடும். தொழிற்சாலையில் செய்து வந்த சுவர்த் துண்டுகளை நிறுத்தி போல்டை முடுக்கினால் சரி. ஆனால் வீட்டுக்காரி ஆன்சலா கேட்ட கேள்விகள்தான் மேற்பார்வையாளன் கோகுலனைச் சந்தேகப்பட வைத்தன.

“தம்பி, இதைத் திருப்பிக் கழற்ற எத்தினை நாள் செல்லும்?”

“ரெண்டு நாள் காணும். ஏனக்கா?”

“சும்மாதான். ஒரு ட்ரக்டர்ப் பெட்டிக்குள்ள எல்லாம் கொள்ளுமோ?”

போன மாதம் ஒருவன் தனக்குக் கிடைத்த வீட்டைக் கழற்றி விற்றுவிட்டான். அப்படி யோசிக்கிறவர்களின் பெயரை வீட்டுத்திட்டப் பட்டியலிலிருந்து உடனே வெட்டச் சொல்லி மேலிடத்துக் கட்டளை. வெட்டாவிட்டால் கோகுலனின் வேலை போகும். அவன் பதிவேட்டை விரித்தான்.

“ஒளிக்காமல் சொல்லுங்கோ அக்கா. ஆருக்கு விக்கப் போறியள்? பேரை வெட்டினால் பிறகும் கொட்டிலிலதான் கிடக்கோணும்.”

“விக்கவோ? உமக்கென்ன விசரே?”

“பிறகென்னத்துக்கு இந்தக் கழற்றுற கதை?”

ஆன்சலா புதுச் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

“சண்டைக்குள்ள ஒவ்வொரு தரம் ஓடேக்கையும் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி ட்ரக்டரில ஏத்திக்கொண்டுதான் ஓடினனாங்கள். கடைசியாய் என்ர மனிசன் கல்வீடு கட்டினவர். செல் குண்டு விழத் தொடங்க நாங்கள் எல்லாரும் வெளிக்கிட்டிட்டம். இதைக் கழற்றேலாதே, விட்டிட்டு எப்பிடி வாறதெண்டு அவர் மட்டும் வீட்டோட நிண்டிட்டார். இப்ப வீடும் இல்லை, அவரும் இல்லை.”

கோகுலன் பதிவேட்டை மூடினான்.

“முதல்ல கூரை போல்டைத்தான் இளக்கோணும் அக்கா,” என்றான். “வாங்கோ, காட்டுறன்.”