சுட்டுவிரல்

மாதா கோயில் பங்குத் திருவிழா நாடகத்தில் ஆதாம் ஏவாளாக நிஜமான கணவன் மனைவிதான் நடிக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. இந்த வருஷம் சூசைராஜும் பிலோமினாவும் நடித்தார்கள். பிள்ளையில்லாதவர்களா மனித குலத்துக்கே தாய் தகப்பன் என்று சிலர் சிரித்தார்கள். பிள்ளையில்லாததற்கு அவள்தான் காரணம் என்று சூசைராஜ் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான்.

பழத்தைத் தின்றதும் திரைக்குப் பின்னாலிருந்து மைக்கில் கடவுள் கேட்டார்: "ஏன் தின்றாய்?" கடவுளாகப் பேசியது கோயிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார். இப்போது ஆதாம், ஏவாளை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். அவள் பாம்பைச் சுட்டிக்காட்ட வேண்டும். ஒத்திகைப் பழக்கத்தில் பிலோமினா முன்கூட்டியே பாம்பை நோக்கி விரலை நீட்டிவிட்டாள். சூசைராஜ் கையைத் தூக்கவில்லை.

"இவ மேல குத்தமில்ல, சாமி. எங்கிட்டதான் கொறைன்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு."

மைக்கில் உபதேசியார் வசனத் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. அவர்களை வெளியே துரத்த வேண்டிய தேவதூதனான சம்மனசு வாளோடு மேடை ஓரத்திலேயே நின்றுவிட்டது. "அப்ப நான் என்ன செய்யட்டும்?" என்று பாம்பு தணிந்த குரலில் கேட்டது.

பிலோமினா விரலை இறக்கவில்லை. பாம்பை நோக்கியிருந்த அது மெல்லச் சூசைராஜ் பக்கம் திரும்பத் தொடங்கியது.