படுத்தால் நலம்

கருப்பை இறக்கமே இல்லாத முதல் மாவட்டம் என்று அறிவிக்க ஒரே ஒரு செங்கல் சூளைதான் பாக்கி. ஆகவே ‘தாய்மைத் தேர்’ என்ற ஸ்கேன் வண்டி மாலையும் கழுத்துமாகப் புழுதிக்குள் வந்து நின்றது. அது சொன்னால் சொன்னதுதான். மாற்றிச் சொல்ல மருத்துவர் எவரும் இப்போது கிடையாது.

இறக்கம் உண்டு என்று அது சொல்லிவிட்டால் சுமை தூக்க வேண்டியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் சூளையில் கல் சுமக்கும் பூவாயி உள்ளே போய்ப் படுத்தாள்.

“கருப்பை தன் இடத்தில் நலமாக உள்ளது தாயே” என்றது இயந்திரம்.

“படுத்தா உள்ள போயிக்குதுங்க. கல்லைத் தலையில ஏத்துனா வெளிய வந்துருதுங்க. நிக்க வெச்சு எடுங்க சாமி.”

முகாம் அதிகாரி சிரித்தார். “ஓய்வா இருக்கும்போது எடுத்த படம்தாம்மா செல்லும். மிஷின் பொய் சொல்லுமா?”

“அது பொய் சொல்லுலீங்க. நாந்தான் படுத்துக்கிட்டுக் கல்லுச் சுமக்கறதில்லீங்க.”

“சரி, எந்திரி. கலெக்டர் வர்ற நேரம்.”

பழைய சேலைத் துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு சுமந்த வருஷங்களில் ஒன்றுகூட அந்தப் படத்தில் விழவில்லை. பூவாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னும் வசதியாகப் படுத்தாள்.

“எந்திரிச்சா நான் நோயாளிங்க, உங்க மாவட்டத்துக்குத்தான் கெட்ட பேரு. மேஸ்திரிகிட்டச் சொல்லிக் கல்லை இங்கயே கொண்டாரச் சொல்லுங்க.”

வண்டி வாசலில் வரிசையில் நின்ற பாவாத்தாள் இதைக் கேட்டாள். தலைச்சும்மாட்டுத் துண்டை உதறி, தேர்ச் சக்கரத்துக்கு நேரே தரையில் விரித்துப் படுத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் படுத்தாள்.

கலெக்டரின் கார் வந்து சேர்ந்தபோது, அந்தச் சூளையில் நின்றுகொண்டிருந்த பெண் ஒருத்திகூட இல்லை.