செல்லுபடி

அப்பச்சியின் டிஜிட்டல் கையெழுத்துக் கோப்பை என் கணினியிலிருந்த புது மென்பொருள் லைப்ரரி திறக்க மறுத்தது. பூட்டு பழைய முறையில் போட்டதாம்.

அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"தேனு, இன்னும் எம்புட்டு நேரம்?"

கொத்தமங்கலம் வீட்டை ஓட்டல்காரர்களுக்கு விடும் ஒப்பந்தம் திரையில் காத்திருந்தது. பங்காளிகள் எப்போதோ எழுதிக்கொடுத்த பவர் பத்திரம் எங்களைப் பெற்ற அப்பச்சி பெயரில் இருப்பதால், அவர் காலம் வரைக்கும் அவர் ஒருவர் கையெழுத்து போதும். அது இல்லையென்றால் பங்காளிகள் அத்தனை பேரும் போட வேண்டும். இராமு சித்தப்பா ஜென்மத்துக்கும் போட மாட்டார்.

ஓட்டல்காரர்களின் நிரல், எல்லாம் ஒன்றாய்ப் பூட்டிய இந்த பிஎஃப்எக்ஸ் கோப்பை வாங்காது. சான்றிதழையும் சாவியையும் தனித்தனி பெம் கோப்புகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆபீசில் என் பிழைப்பே இதுதான். கை தானாகப் போனது.

பழைய முறை என்று சொல்ல, கட்டளையில் 'லெகஸி' என்று ஒரு சொல்லைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். திறந்துகொண்டது.

சான்றிதழ் வந்தது. அப்பச்சியின் பெயர் இருந்தது: பெத்தாச்சி, காரைக்குடி. செல்லுபடி அடுத்த சித்திரை வரை.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அப்பச்சிக்குக் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட வரும் செம்மலை. அசந்து தூங்குகிறார், நாளைக்கு வா என்று அண்ணன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார்.

சாவிக்குப் பாஸ்வேர்டு வேண்டுமா என்று கேட்டது. வைக்கவில்லை. திரை நிறைய எழுத்துகள் கொட்டின. இதை யார் நகலெடுத்தாலும் அவர் அப்பச்சியாகிவிடலாம்.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை.

இரண்டு கோப்புகளையும் நிரலுக்குக் கொடுத்தேன். சாவியும் சான்றிதழும் பொருந்தின. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அப்பச்சியின் பெயர், அதன் கீழே தேதி, நேரம், பச்சையில் ஒரு டிக்.

அண்ணன் குனிந்து அந்த நேரத்தைப் படித்தார். தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். கொஞ்சம் பொறுத்துப் போனை எடுத்தார்.

"சித்தப்பா, அப்பச்சி தவறிட்டாக. இப்பத்தான்."

நான் எழுந்து உள்ளறைக்குப் போனேன். ஏசி குளிர் முகத்தில் அடித்தது. விடிந்ததிலிருந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ஆத்தாவிடம், இனி அழலாம் என்றேன்.