பெருவிரல்

வண்டியின் முன்னால் பூட்டிய பனி தள்ளும் தகடு மேலே போய் முட்டுமுன் பொத்தானிலிருந்து பெருவிரலை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தகட்டைத் தூக்கும் வின்ச் கம்பி அறுந்துவிடும். பனிக்காலம் வந்தால் கமலேந்திரன் கண்டவர்களுக்கெல்லாம் செய்யும் உபதேசம் இது. இன்று காலை அவனுடைய நாலுசில்லு வண்டியிலேயே கம்பி அறுந்தது. மாற்றிய கம்பியும் அறுந்தது. விரலுக்கு என்ன கேடோ தெரியவில்லை.

வாசலில் பெட்டியோடு அவன் மனைவி மலர்விழி நின்றாள். வீட்டைச் சுற்றி இடுப்பளவு பனி.

"பாதை எப்ப வெளிக்கும்? அக்கா வீட்டை போனா நான் திரும்பி வரமாட்டன், சொல்லிப்போட்டன்."

"நான் என்னப்பா செய்யிறது? இந்தக் குளிருக்கு இரும்பே முறியுது."

அவள் பெட்டியைத் திறந்து கலியாணக் கூறைச் சேலையை உருவினாள். "இந்தாங்கோ, முறுக்கிக் கட்டுங்கோ. பட்டு லேசில அறாது."

"கூறையப்பா இது!"

"எனக்குத் தெரியாதே? கட்டுங்கோ."

வாழ்க்கையில் ஒரேயொரு தடவை செய்த பழக்கத்தில் மூன்று முடிச்சுப் போட்டான். பொத்தானை அழுத்தினான். பட்டு முறுகி இறுக, தகடு மெல்ல மேலேறி, முட்டுவதற்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்தது.

மலர்விழி தகட்டையும் பார்க்கவில்லை, கூறையையும் பார்க்கவில்லை. அவனுடைய பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.