படிக்கட்டில் புகை

“என்னங்க, மாடிப்படியெல்லாம் ஒரே புகை!” பன்னிரண்டாவது மாடி வீட்டிலிருந்து போனில் அலறினாள் மனைவி.

“படிக்கட்டுலயா? அங்க வரவே கூடாதே!” ஐந்தாவது மாடியில் நின்றிருந்த கணவனுக்குப் பதற்றத்தைவிடக் கோபமே அதிகம் வந்தது.

“இங்க உயிர் போகுது, உங்களுக்கு ஆராய்ச்சியா?”

“படிக்கட்டுக்குள்ள ஃபேன் காத்தைத் தள்ளிட்டே இருக்கு. எல்லா மாடியிலயும் படிக்கட்டுக் கதவு சாத்தியிருந்தா புகை உள்ள நுழையாது. ஒண்ணு திறந்திருந்தாலும் காத்தெல்லாம் அது வழியா வெளியே போயிடும், புகை உள்ள வந்துடும். எந்த அறிவுகெட்ட ஜென்மமோ ஒரு கதவைத் திறந்து போட்டிருக்கு!”

“கீழே ஓடி வந்துடவா?”

“ஓடாதே. தீயெல்லாம் இல்ல. நான்தான் இங்க அஞ்சாவது மாடியில மெஷின்ல புகை விடறேன். நம்ம பில்டிங்ல இன்னிக்கு என்னோட தீ பாதுகாப்புச் சோதனை. முன்னாடியே சொன்னா எல்லாரும் உஷாராயிடுவாங்கன்னு உன்கிட்டகூடச் சொல்லல. அந்த ஆளு மட்டும் கையில கிடைக்கட்டும், கிழிச்சிடறேன்!”

மனைவி வெளியே எட்டிப் பார்த்தாள்.

“நம்ம மாடிக் கதவுதாங்க திறந்திருக்கு. முட்டுக் கொடுத்து வச்சிருக்கு.”

“எதை வச்சு?”

“காலையில ரெண்டு கையாலயும் பெரிய பெட்டியைத் தூக்கிட்டுப் படியில இறங்கினீங்களே... உங்க ஹெல்மெட்டுதான்.”