சிவப்புக் கட்டு

அண்ணியை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று சோமனூரில் பஸ் ஏறும்போதே ஜெயபாரதி முடிவு செய்திருந்தாள். திருப்பூரில் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் நாலு போதாது என்று தோன்றியது.

அண்ணன் குமாரசாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். இடது கை மாப்பிள்ளை மாதிரி தலையணைமேல் உட்கார்ந்திருந்தது. கட்டைவிரலைச் சுற்றி ஒரு சிவப்புப் பனியன் துணி. அதிலிருந்து மணிக்கட்டு வழியாகச் சிவப்பாக ஒரு கோடு இறங்கி, கீழே வைத்திருந்த தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கண்ணா, தேங்காய் உடைக்கப் போயி அருவா பட்டு ஒரு வாரமாச்சு. இன்னுமா ரத்தம்?"

"நிக்கவே மாட்டேங்குது அம்மிணி. எனக்கு ரத்தத்தைப் பார்த்தா ஆகாது, உனக்கே தெரியும். நான் அந்தப் பக்கம் திரும்பறதே இல்ல." சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

சாயப்பட்டறையில் மாஸ்டர். தொட்டி தொட்டியாகச் சிவப்பைக் கலக்குகிற மனுஷன். ஆனால் கொசுவை அடித்துக் கையில் ரத்தம் தெரிந்தாலே கண்ணை இருட்டிக்கொண்டு வரும்.

அண்ணி சித்ராதேவி சாதத்தைப் பிசைந்து எடுத்துவந்து அவருக்கு ஊட்ட ஆரம்பித்தாள். அண்ணன் குழந்தையாக வாயைத் திறந்தார்.

"சோத்துக்கை நல்லாத்தானுங்கண்ணா இருக்குது?"

"அதுல எண்ணெய் தேச்சிருக்குது அம்மிணி. காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய். ரெண்டு கையிலும் தேச்சா போன ரத்தமெல்லாம் ஊறிருமாம். உங்கண்ணி சொன்னா."

எங்கேயும் கேள்விப்படாத வைத்தியம். ஜெயபாரதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க அண்ணி, ஊட்டுல ஒரு வெள்ளைத் துணி கூடவா இல்லீங்க? வண்டி தொடைக்கற பனியன் கட்டிங் வேஸ்ட்டையா புண்ணுக்குச் சுத்துவாங்க?"

"வேஸ்ட்டுதானுங்க கண்ணு. ஆனா அவரு போட்ட சிவப்பாச்சே" என்றாள் அண்ணி, அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே.

அண்ணனுக்கு உடனே தெம்பு வந்துவிட்டது. "என்ற கையால சாயம் போட்ட லாட்டு அம்மிணி. கொதிக்கற தண்ணியில போட்டு அலசு, ஒரு பொட்டு சாயம் போகாது. போச்சுன்னா என்ற மீசையை எடுத்துக்கறேன்."

போன் அடித்தது. பட்டறையிலிருந்து சூப்பர்வைசர் வேல்குமார்.

"நானில்லாம சாயத்துல சரியான ஷேடு வருமா வேலு? ரத்தம் நின்ன நிமிஷம் வந்தர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, குமாரசாமி கையை நீட்டினார். "அம்மிணி, நீயே அவுத்துப் பாரு. நின்னிருந்தா இப்பவே வண்டியை எடுக்கறேன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நீங்க உக்காருங்க பாரதி. நான் பார்த்துக்கறேனுங்க" என்று அண்ணி பதறினாள்.

"நீங்க பார்த்த லட்சணந்தான் சொட்டுதுங்களே." வரும் வழியில் மருந்துக்கடையில் வாங்கிய வெள்ளைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு ஜெயபாரதி கட்டை அவிழ்த்தாள்.

சிவப்புத் துணி சொதசொதவென்று வந்தது. அதற்கு அடியில், பனியன் மடித்துப் போடுகிற பாலிதீன் கவர் ஒரு துண்டு. அதற்கும் அடியில் இன்னொரு கட்டு, வெள்ளைவெளேரென்று, காய்ந்த துணியில். அதையும் விலக்கினாள். காயம் ஆறி, இளஞ்சிவப்பாகப் புதுத்தோலே வந்திருந்தது.

ஜெயபாரதி தட்டைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். சிரிப்பு வந்த வேகத்திலேயே கோபமும் வந்தது.

"என்ன கூத்துங்க அண்ணி இது?" என்று காதோடு சீறினாள்.

அண்ணி, அண்ணனின் உள்ளங்கைகள் இரண்டையும் மெல்லத் திருப்பிக் காட்டினாள்.

பொங்கலுக்கு வந்தபோது ஜெயபாரதி பார்த்த கைகளா இவை? அன்றைக்குத் தோல் உரிந்து, விரலிடுக்கெல்லாம் வெடித்து, குழம்பு பட்டால் எரிகிறது என்று ஸ்பூனில் சாப்பிட்டார். இப்போது வெடிப்பெல்லாம் மூடி, எண்ணெயில் மினுமினுவென்று இருந்தன.

"சாயத்தண்ணி படாம கொஞ்ச நாள் இருந்தாலே ஆறிரும்னு டாக்டர் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போனாருங்க" என்று அண்ணி கிசுகிசுத்தாள். "கைவெடிப்புக்கெல்லாம் ஒருத்தன் லீவு போடுவானான்னு கேக்கறாரு. இந்தக் கையி மரத்துப் போச்சுன்னா என்னங்க பண்றது? அன்னிக்கு அவசரத்துக்கு இந்தத் துணியச் சுத்துனனுங்க. விடிஞ்சு பார்த்தா காயம் காஞ்சுருச்சு. தண்ணி பட்டதுல துணி மட்டும் சொட்டுச்சு. அதை ரத்தம்னு நெனச்சு, தானே லீவு சொல்லிட்டுப் படுத்துட்டாரு. நானும் உள்ள கவரை வெச்சு, அதையே அப்பப்ப நனைச்சுச் சுத்தி விட்டுட்டேன். இன்னும் கொஞ்ச நாள் கெடைச்சாப் போதுங்க கண்ணு."

"கண்டுபிடிச்சுட்டா?"

"அவரு போட்ட சாயம் போகும்னு அவரு நம்போணுமே."

"அப்பறம் வேலைக்குப் போனா மறுபடியும் வெடிக்குமுங்களே?"

"கிளவுஸ் போடாட்டித் திரும்ப ரத்தம் வரும்னு சொல்லிக்கலாங்க."

"என்ன அம்மிணி சத்தத்தையே காணோம்?" கண்ணைத் திறக்காமல் குமாரசாமி கேட்டார். ஒரு கை வண்டிச் சாவியைத் துழாவியது. "நின்னுருச்சா?"

ஜெயபாரதி வெள்ளைத் துணியைப் பைக்குள் திணித்தாள். சிவப்புத் துணியை எடுத்து, பக்கத்திலிருந்த சொம்புத் தண்ணீரில் நன்றாக முக்கினாள்.

"எங்கீங்கண்ணா நிக்குது? குழாயத் தொறந்தாப்பல கொட்டுதுங்க."